தனியாகப் போகாதே

நங்கநல்லூர்,
சென்னை.

அன்புள்ள கௌரிக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். போன ஞாயிறும் நீ கூப்பிடவில்லை. வேலை இருந்திருக்கும், பரவாயில்லை.

உங்கள் பக்கத்துச் சேதி ஒன்று படித்தேன். பிரிஸ்டலிலிருந்து அதிக தூரமில்லை, மேப்பில் பார்த்துவிட்டேன். சோமர்செட்டில் புளூ ஆங்கர் என்று ஒரு கடற்கரை. 2020 மே மாதம் ஓர் அப்பாவும் அவர் பதினோரு வயது மகள் ரூபியும் அங்கே இக்தியோசர் என்ற பழங்காலக் கடல் விலங்கின் எலும்புத் துண்டுகள் பொறுக்கியிருக்கிறார்கள். அப்பா ஒன்று எடுக்க, மகள் அதைவிடப் பெரிசாக எடுத்தாளாம்! கீழ்த்தாடை எலும்பு, ஒட்டிப் பார்த்தால் 2 மீட்டருக்கு மேல். பக்கத்து லில்ஸ்டாக்கில் 2016-லேயே இதே மாதிரி எலும்பு வேறொருவருக்குக் கிடைத்திருந்ததால், இது புது வகைதானா என்ற சந்தேகம் தீர்ந்தது. டீன் லோமாக்ஸ் என்ற புதைபடிவ ஆராய்ச்சியாளரின் குழு 2024-ல் 'இக்தியோடைட்டன்' என்று பெயர் வைத்தது. உடம்பு 25 மீட்டர் இருந்திருக்கலாம் என்று கணக்கு. 20 கோடி வருஷத்துக்கு முந்தையது. கட்டுரை எழுதியவர்கள் வரிசையில் அந்த அப்பா, மகள் பெயரும் இருக்கிறது.

பெரம்பலூர் பக்கத்து நம் காரையிலும் இந்த இக்தியோசர் இனம் இருந்திருக்கிறது, தெரியுமோ? ஊட்டத்தூர்ப் பாறையில் கிடைத்த முதுகெலும்புகளை வைத்து லிடெக்கர் என்ற வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர் 1879-லேயே எழுதிவிட்டார். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போனபோதெல்லாம், அம்மா திட்டத் திட்ட, துப்பாக்கி ரவை மாதிரிக் கல்லாகப் பாவாடையில் அள்ளி வருவாயே. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பரணில் இருக்கிறது. வருகிறவர்களிடம் காட்டிப் பெருமை அடிப்பது நான்தான். நீதான் விசாரிப்பதே இல்லை.

மீன் மாதிரி இருந்தாலும் இக்தியோசர் ஊர்வன வகை. குட்டிகூடக் கடலிலேயே போடுமாம். மூச்சுக்கு மட்டும் மேலே வந்துதான் ஆக வேண்டும்.

பார்க்க ஆசையாக இருந்தால் போய்விட்டு வா. ஆனால் தனியாகப் போகாதே. அந்தச் செவர்ன் ஆற்று முகத்துவாரப் பக்கம் கடல் 14 மீட்டர்போல ஏறி இறங்குமாம். மெரினாவில் ஒரு மீட்டர் இருந்தாலே அதிகம். பாறைக்கு அந்தப்பக்கம் நிற்கும்போது தண்ணீர் சுற்றிக்கொண்டால் கத்தினாலும் கேட்காது. கடல் ஏறும் நேரம் எப்போது என்று பார்த்து, அதைத் தவிர்த்துப் போ. மாப்பிள்ளையோடு போ. அவருக்கு நேரமில்லை என்றால் ஆபீஸ் சிநேகிதி யாராவது. யாராக இருந்தாலும் சரி, தனியாக வேண்டாம்.

சித்தி பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். உன்னைக் கேட்டார்கள், மாப்பிள்ளையையும் கேட்டார்கள். 'லீவு பார்த்துச் சொல்வாள்' என்று அம்மா சொல்லிவிட்டாள். டிக்கெட் நான் போடுகிறேன். ஒன்று போதுமென்றாலும் போடுகிறேன். ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடு. வீடியோவில் முகம் காட்டிப் பேசு, அம்மா அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பருப்புப் பொடியும் நாரத்தங்காயும் இந்த வாரம் கூரியரில் அனுப்புகிறேன். புது வீட்டு விலாசம் என்று நீ அனுப்பியதில் உன் பெயர் மட்டும்தான் இருந்தது. பார்சல் மேல் அப்படியே எழுதட்டுமா, இரண்டு பேர் பெயரும் போடட்டுமா? அதை மட்டும் சொல், வேறொன்றும் கேட்க மாட்டேன்.

அப்பா