நிறம் பிடிக்காத ஸ்லைடையும் காட்டுங்கள்

ஆய்வுக்கூடங்களுக்கு ஆன்டிபாடி, அதாவது ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடி ஒட்டும் புரதம், தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கும், அவற்றை எங்கள் பக்கம் கொண்டுவந்து சேர்க்கும் விநியோகஸ்தர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். சுண்டெலியின் சிறுநீரகத்தில் ஓர் ஏற்பி எந்தெந்த செல்லில் இருக்கிறது என்று பார்ப்பது என் முனைவர் பட்ட வேலை. ஏற்பி என்பது செல்லின் மேலிருந்து வெளிச் சேதியைப் பிடிக்கும் புரதம். இதன் பெயர் சி5ஏஆர்1. பழைய பெயர் சிடி88. உடம்பில் கிருமி நுழைந்ததும் ரத்தத்திலுள்ள நிரப்புப் புரதங்கள் ஒன்றையொன்று வெட்டித் தூண்டிவிடும். அப்போது சி5 என்ற புரதத்திலிருந்து 74 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னத் துண்டு ஒன்று பிரியும். அதுதான் சி5ஏ. வெள்ளணுக்களை அந்த இடத்துக்கு வரவழைப்பது அது. வெள்ளணு அதைப் பிடித்துக்கொள்வது இந்த ஏற்பியால். வரவழைப்பது அளவு மீறினால் சொந்தத் திசுவே புண்ணாகிப் போகும். சிறிய ரத்தக்குழாய்களையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் ஆன்கா வாஸ்குலைட்டிஸ் நோய்க்காக, இந்த ஏற்பியை அடைக்கும் அவகோபான் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2021-இல் அனுமதி கிடைத்தது. ஆகவே ஏற்பி எங்கே இருக்கிறது என்பது என் ஆய்வேட்டோடு முடிகிற கேள்வி இல்லை.

போன வருடம் மே மாதத்தில் உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்திடம் 100 மைக்ரோலிட்டர் குப்பி ஒன்று வாங்கினேன். முயலில் எடுத்த பாலிகுளோனல், அதாவது ஒரே புரதத்தின் பல இடங்களில் ஒட்டும் ஆன்டிபாடிகளின் கலவை. மெழுகில் பதித்து மெல்லிசாகச் சீவிய திசுவுக்கு, அதாவது பாரஃபின் செக்‌ஷனுக்கு ஆகும், மனிதனுக்கும் எலிக்கும் ஆகும் என்று டேட்டா ஷீட்டில் போட்டிருந்தது. விலை என் ஒரு மாத உதவித்தொகையைத் தாண்டியது. பார்சல் சனிக்கிழமை ஊருக்கு வந்து, கூரியர் கடையிலேயே திங்கள் காலை வரை கிடந்தது. நான் போய் வாங்கியபோது ஐஸ் பேக் வெதுவெதுப்பாக இருந்தது. செட்டிநாட்டு மே மாத வெயிலில் அது இரண்டு நாள் தாங்காது என்று அனுப்புகிறவர்களுக்குத் தெரியாதா?

சரி, வேலையைத் தொடங்கினேன். நான்கு மைக்ரான் செக்‌ஷன். சிட்ரேட் பஃபரில் குக்கர் வைத்து, பெராக்ஸைடில் முக்கி, ஒன்றுக்கு இருநூறு என்று கரைத்த ஆன்டிபாடியை ஊற்றி, ராத்திரி முழுக்க நான்கு டிகிரியில் வைத்தேன். மறுநாள், ஆன்டிபாடி ஒட்டிய இடத்தைப் பழுப்பாக்கும் டிஏபி போட்டதும் சிறுநீரகக் குழாய்கள் அத்தனையும் அழகான பழுப்பு. ஆன்டிபாடி போடாத ஸ்லைடு சுத்தமாக நீலம். அன்று சாயங்காலம் அம்மாவுக்கு போன் போட்டு, வேலை முடிந்தது மாதிரிதான் என்று சொன்னேன்.

என் வழிகாட்டி மேடம் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "நியூட்ரோஃபில் இருக்கிற திசுவில் போட்டுப் பார்த்தாயா?" நியூட்ரோஃபில் என்பது சீழில் மொய்க்கும் ஒரு வகை வெள்ளணு. இந்த ஏற்பி அதில் நிறைய இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பக்கத்து ஆய்வறையில் சீழ் கட்டிய எலித் தோலை மெழுகில் பதித்த பிளாக் இருந்தது. வாங்கி வந்து, அதே குப்பி, அதே அளவு, அதே முறையில் போட்டேன். நாற்பது எக்ஸில் பார்க்கிறேன்: மயிர்க்கால் பழுப்பு, தசை பழுப்பு, மேல்தோல் பழுப்பு. சீழுக்கு நடுவே மடிப்பு மடிப்பான உட்கருவோடு கூட்டமாக நின்ற நியூட்ரோஃபில்கள் மட்டும், உட்கருவுக்கு நிறமேற்றும் ஹெமடாக்சிலின் நீலத்தில் அப்படியே இருந்தன. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, மற்ற எல்லா இடத்திலும் இருக்கிறது. ஸ்லைடைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். வேறு லாட் (வேறு தடவை தயாரித்தது) வாங்கி ஒரு முறை, அளவைக் குறைத்து மூன்று முறை, பஃபரை மாற்றி ஒரு முறை போட்டேன். எட்டு மாதம் அப்படியே போயிற்று. நிறுவனத்துக்கு எழுதியதற்கு, எங்களிடம் நன்றாக வேலை செய்கிறது, நீங்கள் அளவைச் சரிசெய்து பாருங்கள் என்று பதில் வந்தது.

உங்கள் வேலை சுலபம் என்று நான் சொல்லவில்லை. 350 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதம் செல் சவ்வை ஏழு முறை குறுக்கே கடக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி கொஞ்சம்தான். ஃபார்மலின் அதையும் பின்னிப் பிணைத்துவிடும். போதாததற்கு, அதே சி5ஏ-வைப் பிடிக்கும் சி5ஏஆர்2 என்ற உறவுக்காரப் புரதம் வேறு. இதனால்தான், குப்பி நிஜமாகவே இதைத்தான் பிடிக்கிறதா என்று நீங்கள் காட்டியாக வேண்டும். அதற்கு வழியும் இருக்கிறது. இந்த ஏற்பியே இல்லாத நாக்அவுட் சுண்டெலியை 1996-லேயே உருவாக்கிவிட்டார்கள். அந்த எலியின் திசுவில் உங்கள் ஆன்டிபாடியைப் போட்டு, நிறம் பிடிக்கவில்லை என்று ஒரு படம். டேட்டா ஷீட்டில் அது இருந்திருந்தால் என் எட்டு மாதம் மிஞ்சியிருக்கும். நான் வாங்கிய குப்பியின் ஷீட்டில் இருந்தது ஒரே ஒரு படம், அதுவும் பழுப்பாகத் தெரிகிற மூலையை மட்டும் வெட்டி எடுத்தது.

என் தாத்தா பர்மாவுக்குப் போய், அங்கே ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். பற்றும் வரவும் நேராகாமல் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க முடியாது என்பார். வரவுப் பக்கத்தை மட்டும் காட்டுகிற பேரேட்டை இந்த ஊரில் ஒரு மேலாளும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். பழுப்பு ஸ்லைடு மட்டும் உள்ள டேட்டா ஷீட்டும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

இது என் ஒருத்தியின் துரதிர்ஷ்டமும் இல்லை. 2023-இல் ஈலைஃப் இதழில் வந்த ஆய்வில், 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை நாக்அவுட் செல்களோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். பாதிக்கு மேல் ஏதாவது ஒரு பயன்பாட்டிலாவது தேறவில்லை. அப்புறம் நடந்ததுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. தேறாதவற்றில் சுமார் 20 சதவீதத்தை விற்றவர்களே கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சுமார் 40 சதவீதத்துக்கு, எதற்கு ஆகும் என்ற பரிந்துரையைத் திருத்தினார்கள். அவர்கள் உங்கள் தொழிலில் இருப்பவர்கள்தான். மனம் வைத்தால் முடிகிறது.

ஆகவே கேட்கிறேன். திசுவுக்கு ஆகும் என்று எழுதினால், எந்தத் திசுவில், எந்த லாட்டில், எந்த பஃபரில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். நாக்அவுட் படம் போடுங்கள். இல்லையென்றால் இல்லை என்றாவது சொல்லுங்கள், நாங்கள் வேறு வழி பார்த்துக்கொள்கிறோம். புரதத்தின் எந்தத் துண்டைக் காட்டி முயலைத் தூண்டினீர்கள் என்பதை ரகசியமாக வைக்காதீர்கள். பத்து மைக்ரோலிட்டர் சோதனைக் குப்பி விற்றால், எங்களைப் போன்ற சின்ன ஊர் ஆய்வாளர்கள் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு முழிக்க வேண்டியிருக்காது. விநியோகஸ்தர்களே, வெள்ளிக்கிழமை எதையும் ஏற்றிவிடாதீர்கள். திங்கள் ஏற்றினால் புதனுக்குள் காரைக்குடிக்கு வந்துவிடும்.

என்னிடம் 62 ஸ்லைடுகள் இருக்கின்றன. இரண்டு லாட், சிறுநீரகமும் சீழ் கட்டிய தோலும், ஒவ்வொன்றிலும் தேதியும் அளவும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். உங்கள் ஆய்வுக்கூடத்தில் யாராவது உட்கார்ந்து பார்க்கத் தயார் என்றால், என் செலவிலேயே பெட்டியோடு அனுப்புகிறேன். எந்த முகவரிக்கு அனுப்பட்டும்?

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவி,
காரைக்குடி