பத்து இலட்சம் பேர் கேட்டால் சட்டம் வந்துவிடுமா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் தங்கள் கட்டுரையாளர், "ஐரோப்பாவில் வாழும் எவரும் 10 இலட்சம் கையெழுத்துச் சேர்த்தால் சட்டம் கொண்டுவரலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எவரும்! கையெழுத்திடலாம் என்பது ஐரோப்பிய ஒன்றியப் பிரஜைகளுக்கு மட்டும். என் மனைவி ஜேர்மனியில் வரி கட்டுகிறார். வைத்திருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு என்பதால் அவருடைய கையெழுத்து செல்லாது. சுவிஸ், பிரித்தானியப் பிரஜைகளான தங்கள் வாசகர்களுக்கும் இதே கதிதான். சுவிஸில் ஓர் இலட்சம் கையெழுத்துச் சேர்ந்தால் மக்கள் வாக்கெடுப்பு. அதையும், 10 இலட்சம் கையெழுத்தோடு சட்டம் கேட்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் முன்முயற்சியையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிட்டார் போலும்.

ஒன்றியத்தில் 7 நாடுகளிலாவது அந்தந்த நாட்டுக்கு உரிய குறைந்தபட்சக் கையெழுத்துகள் சேர வேண்டும். சேர்ந்தபின் கிடைப்பது சட்டமல்ல, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணைக்குழுவின் பதில். தங்களுக்குத் தெரியாததா?

2012இல் இந்த வழி திறந்தபின், தண்ணீர் உரிமைக்காகத் தொழிற்சங்கத் தோழர்களோடு கடைத்தெருவில் நின்று கையெழுத்துச் சேர்த்தவன் நான். 16 இலட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. 2014இல் பாராட்டிப் பதில் எழுதினார்கள். குடிநீர்ச் சட்டம் திருத்தப்பட்டது 2020 டிசம்பரில், அதுவும் நாங்கள் கேட்டதில் ஒரு பகுதிக்கு. அமெரிக்காவுடனான வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்தவர்களின் மனுவைப் பதியவே மறுத்தார்கள். மறுத்தது தவறென்று 2017இல் நீதிமன்றம் சொன்னபோது பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. கூண்டில் கால்நடை வளர்ப்பதை நிறுத்தச் சொல்லிக் கிட்டத்தட்ட 14 இலட்சம் பேர் கேட்டார்கள். 2023 முடிவதற்குள் சட்ட வரைவு தருவதாக 2021இல் வாக்குக் கொடுத்தார்கள். 2023 போயிற்று, வரைவு வரவில்லை.

எங்கள் கோழிகளுக்காவது பொறுமை உண்டு. எனக்கில்லை. ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தல் வந்தபோதும் தாங்கள் வேட்பாளர்களின் பொன்னாடைப் படங்களை இரண்டு பக்கத்துக்குப் போட்டீர்கள். அந்தப் பாராளுமன்றம் தானாக ஒரு சட்ட முன்மொழிவைக் கொண்டுவர முடியாது, அந்த அதிகாரம் ஆணைக்குழுவிடம் இருக்கிறது என்று எழுத ஒரு வரி இடம் கிடைக்கவில்லை. அப்போது நான் எழுதிய கடிதமும் வெளிவரவில்லை. இடநெருக்கடி என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது கேட்பது ஒரு சிறு திருத்தம்தான். 'எவரும்' என்பதை 'ஒன்றியப் பிரஜைகள்' என்றும், 'சட்டம் கொண்டுவரலாம்' என்பதை 'சட்டம் கேட்கலாம்' என்றும் மாற்றி, அடுத்த இதழில் ஒரு மூலையில் போட்டால் போதும். ராசிபலன் பக்கத்தில் என்றாலும் சம்மதம்.

இப்படிக்கு,
நீண்டகாலச் சந்தாதாரர்,
டோர்ட்முண்ட், ஜேர்மனி