செயலாளர் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 – மார்ச் 2025

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, கோடைச் சுற்றுலா மூன்றும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல நினைப்பது, இங்கே டோக்கியோவின் நிஷிகசாயில் நம் குடியிருப்புக்குப் பக்கத்தில் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லத்தைப் பற்றி.

செப்டம்பர் மூன்றாம் திங்கட்கிழமை ஜப்பானில் முதியோரைப் போற்றும் விடுமுறை நாள். இந்த முறை 16ஆம் தேதி வந்தது. பரதநாட்டியம், பாட்டு, முறுக்கு டப்பா சகிதம் பெரிய கூட்டமாகப் போய் இறங்கினோம். முறுக்கை உணவுப் பொறுப்பாளர் பணிவாகக் குனிந்து திருப்பிக் கொடுத்துவிட்டார். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சோற்றையே குழைத்துத் தருகிற இடம். முன்கூட்டியே கேட்காதது நம் தவறு. நடனத்துக்குக் கைதட்டினார்கள். பாதிப் பேர் தூங்கியும் போனார்கள், அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

அப்புறம்தான் விஷயமே. மஞ்சள் மேலங்கி அணிந்த பாட்டி ஒருவருக்கு அன்று 88ஆம் வயது விழா. அரிசியைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்தைப் பிரித்தால் எட்டு, பத்து, எட்டு என்று வரும், அதாவது எண்பத்தெட்டு. அதனால் அது ‘அரிசி வயது’. நம் சதாபிஷேகம் மாதிரி. அவர் பையிலிருந்து ஐந்து துணிப்பந்துகளை எடுத்து மேசையில் கொட்டினார். ஒன்றை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் மற்றதை அள்ளினார். “அட, அஞ்சாங்கல்!” என்று நம் அக்கா ஒருவர் கத்தியே விட்டார். ஜப்பானியப் பெயர் ஒதெதமா. அடுத்த கால் மணி நேரம் மொழிபெயர்ப்பாளர் யாரும் தேவைப்படவில்லை.

அக்டோபரிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை நான்கைந்து பேர் மட்டும் போய், பந்து தைக்கக் கற்றோம். பழைய கிமோனோத் துணியில் நீள்சதுரமாக நான்கு துண்டு வெட்டி, காற்றாடி இறக்கை போல ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்க வேண்டும். உள்ளே சிவப்பு அசுகி பயறு. முழுக்க நிரப்பினால் கையில் நிற்காமல் துள்ளும், கொஞ்சம் தளர விட்டால்தான் உள்ளங்கையில் படியும். என் தையலைப் பாட்டி மூன்று முறை பிரித்தார். பேச்சு மறந்துபோன ஒரு தாத்தாவும் பயறு அளந்து போட்டார். அவர் அதை வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள ஊழியர் ஒருவர் பக்கத்திலேயே இருந்தார்.

ஊசிகளை உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் எண்ணுவார்கள். டிசம்பரில் ஒன்று குறைந்தது. இல்லமே மேசை நாற்காலியைத் தூக்கித் தேடியது. கடைசியில் அது என் துப்பட்டாவில் குத்திக்கொண்டிருந்தது. அந்த முகத்தோடு எப்படி வெளியே வந்தேன் என்று கேட்காதீர்கள்.

ஓராண்டில் உடைந்த, வளைந்த ஊசிகளை அவர்கள் குப்பையில் போடுவதில்லை. பிப்ரவரி 8 அன்று அசகுசாவின் சென்சோஜி கோயிலில், அவாஷிமா மண்டபத்தில், அவற்றை மெத்தென்ற தோஃபுவில் (சோயாப் பால் கட்டி) குத்தி வைத்து நன்றி சொல்கிறார்கள். கடினமான துணியில் உழைத்த ஊசிக்கு ஓய்வு. ஆயுத பூஜை போடுகிற நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பாட்டியால் வர முடியாததால் அவருடைய மூன்று ஊசிகளை நாங்கள் கொண்டுபோய்க் குத்தினோம்.

வரும் ஆண்டுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். செப்டம்பர் மேடை நிகழ்ச்சியை விட்டுவிடுவோம். அந்தத் தொகையைத் துணிக்கும் பயறுக்கும் ஒதுக்க அனுமதி வேண்டும். வருகிறவர்கள் பெயரைக் கொடுங்கள். துப்பட்டா வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்