சனிக்கிழமைச் சம்பளத்தை வீடு வரை கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு

அன்புள்ள மேனேஜர் அண்ணனுக்கு, செக்கிங் அக்காவுக்கு, டெம்போ அண்ணனுக்கு, ஆஸ்பத்திரி டாக்டர் அம்மாவுக்கு, மச்சானுக்கு, என் வீட்டுக்காரிக்கு,

வருகிற பங்குனி வந்தால் நான் போனில் பணம் வைத்து ஆடும் ரம்மியைக் கடைசியாகத் தொட்டு ஒரு வருடம் ஆகிறது. இந்த ஒரு வருடமும் அதே பனியன் கம்பெனியில், அதே பேக்கிங் செக்‌ஷனில்தான் இருக்கிறேன். திருப்பூரில் ஒரு வேலை போனால் அடுத்த தெருவில் இன்னொன்று கிடைக்கும். ஆனால் பணத்தில் கை வைத்தவன் என்ற பேரோடு வெளியே போனவனை எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது. அந்தப் பேர் எனக்கு வராமல் காப்பாற்றியது நீங்கள். நேரில் சொல்லப் போனால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

2020 ஊரடங்கில் கம்பெனி மூடிக் கிடந்தபோது பொழுது போகாமல் ஆரம்பித்தது. முதல் வாரமே 1,800 ரூபாய் ஜெயித்தேன். அந்த 1,800-க்குப் பின்னால்தான் ஐந்து வருடம் ஓடினேன். பதின்மூன்று சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இருபது பாயிண்ட் நஷ்டத்தோடு முதலிலேயே டிராப் பண்ணி விலக மனசு வராமல், எண்பது பாயிண்ட் நஷ்டம் வாங்கும் வரை உட்கார்ந்திருப்பேன். சுத்தமாகத் தோற்ற ஆட்டம் மறுநாள் மறந்துவிடும். ஒரே ஒரு சீட்டுக்காக நின்றுபோன ஆட்டம்தான் தூங்கவிடாது. நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் விதி வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? 12 மணிக்குள் விட்டதை எடுத்துவிட வேண்டும் என்று பெரிய தொகை வைத்து ஆடும் டேபிளாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

அக்கா, அந்த ரேஷியோ பேக்கிங் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பெட்டிக்குள் எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று என்று போக வேண்டிய சரக்கு. டேபிளுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு நான் எண்ணி வைத்ததில் எம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் எல். அப்படியே போயிருந்தால் சரக்கை வாங்குகிற பையர் மொத்த ஆர்டருக்கும் பணத்தைக் கழித்திருப்பார். ராத்திரி பதினொரு மணி வரை நீங்களும் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்து, டேப்பைக் கிழித்து, நாற்பது பெட்டியையும் பிரித்து அடுக்கினீர்கள். ஏன் இப்படி ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "போனை இனி என் டப்பாவுல போட்டுட்டு டேபிளுக்கு வா தம்பி" என்றீர்கள். உங்கள் சோற்று டப்பா பையில்தான் என் போன் இன்றைக்கும் ஷிப்ட் முடியும் வரை இருக்கிறது.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. லோடுமேன் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் மேனேஜர் அண்ணன் என் கையில் கொடுத்த 14,500 ரூபாய், ராத்திரி பதினொன்றரைக்குள் ரம்மியில் போய்விட்டது. சனிக்கிழமை விடிகாலை டெம்போ அண்ணன் வந்து நிற்கிறார். என்னிடம் சொல்ல வார்த்தை இல்லை. என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "காசு மெதுவா ஆகட்டும், சரக்கு ஏத்துங்க" என்று லோடுமேன்களுக்குத் தன் பையிலிருந்தே கொடுத்தார். அண்ணா, அன்றைக்கு நீங்கள் வண்டியை எடுக்கவில்லை என்றால் சரக்கு தூத்துக்குடிக்கு நேரத்துக்குப் போயிருக்காது.

சாயங்காலம் மேனேஜர் அண்ணன் கேபினுக்குக் கூப்பிட்டு கதவைச் சாத்தினார். "எவ்வளவு?" என்றார். 14,500 என்றேன். "அதைக் கேக்கல கண்ணு. மொத்தம் எவ்வளவு?" ஐந்து வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நானும் கூட்டிப் பார்த்ததில்லை. மேஜையில் கிடந்த பேக்கிங் லிஸ்ட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் ஒவ்வொன்றாக எழுதச் சொன்னார். ஏலச்சீட்டுப் பணம், சொசைட்டியில் அடகு வைத்த நாலு பவுன், மூன்று லோன் ஆப், மாமனாரிடம் வாங்கியது. கூட்டினால் மூன்று லட்சத்து அறுபதாயிரம். எழுதி முடித்ததும் அழுதுவிட்டேன். அண்ணன் டீ சொல்லிவிட்டார்.

என்னை வேலையை விட்டுப் போகச் சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. திருந்து என்று புத்திமதி சொல்லி அனுப்பியிருந்தாலும் திங்கட்கிழமையே திரும்ப விளையாடியிருப்பேன், அது எனக்குத் தெரியும். அவர் செய்தது வேறு. பணம் சம்பந்தப்பட்ட வேலையை மட்டும் என் கையிலிருந்து எடுத்து அக்காவிடம் கொடுத்தார். வேலைப்பளு என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டார். வாரம் 500 என்று 29 வாரம் பிடித்து அந்த 14,500-ஐ நேர் செய்தார். சனிக்கிழமைச் சம்பளம் என் மனைவி கணக்குக்கே போகும்படி எழுதி வாங்கிக்கொண்டார்.

மச்சான் செல்போன் கடையில் வேலை பார்ப்பதால் அவர் ஒரு வழி செய்தார். பேங்கோடு சேர்ந்த சிம்மைக் கழற்றி தன் தங்கச்சியான என் மனைவியின் பட்டன் போனில் போட்டுவிட்டார். ஓடிபி அவளுக்குத்தான் போகும். சிம் கையில் இல்லாமல் புதிதாக யுபிஐ தொடங்க முடியாது, லோன் ஆப்பும் சுலபமாக நகராது. என்னிடம் இருக்கிற போனில் வாட்ஸ்அப் உண்டு, வேலைக்கு அது போதும். என்னைப் போல் இருக்கிறவர்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் இதை மட்டும் முதலில் செய்யுங்கள்.

டாக்டர் அம்மா, உங்களிடம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் உயிரோடு இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். மனநல உதவி எண்ணான 14416-க்கு என் மனைவிதான் போன் போட்டாள். இலவசம், எந்த நேரமும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். அந்தப் பக்கம் பேசிய பெண்தான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். "இது நோய்ங்க, உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியல்ல வெச்சிருக்கு" என்று நீங்கள் சொன்னபோது என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதுவரை நான் அவளை ஏமாற்றுகிறேன் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். ஆசை வந்தால் அடக்காதீர்கள், அரை மணி நேரம் தள்ளிப்போடுங்கள் என்றீர்கள். அந்த அரை மணி நேரத்துக்கு நான் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்.

2025 ஆகஸ்ட்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு மத்திய அரசே தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த வாரமே டெலிகிராமில் வேறொரு லிங்க் வந்தது. டாக்டர் அம்மா, அதைத் திறக்காமல் உங்களிடம் கொண்டுவந்து காட்டினேன், நீங்களே அழித்தீர்கள்.

தீபாவளி போனஸ்தான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. திருப்பூரில் அந்த வாரம் எல்லார் கையிலும் நோட்டுக் கட்டு இருக்கும். நான் கேட்காமலே மேனேஜர் அண்ணன் என் மனைவியைக் கம்பெனிக்கு வரச்சொல்லி, ஸ்வீட் பாக்ஸோடு சேர்த்து கவரை அவளிடம் கொடுத்தார். என்னிடம், "உனக்கு வேட்டி சட்டை எடுத்து வெச்சிருக்கேன்" என்றார்.

கடைசியாக உனக்கு, கண்ணு. தினமும் காலையில் நூறு ரூபாயை என் சட்டைப் பையில் வைக்கும்போது ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை நீ. ராத்திரி மீதியைத் திருப்பித் தரும்போது எண்ணிப் பார்த்ததும் இல்லை. நான் எண்ணித்தான் தருகிறேன்.

லோன் ஆப் மூன்றும் முடிந்துவிட்டன. மாமனாருக்குப் பாதி போயிருக்கிறது. நாலு பவுன் இன்னும் சொசைட்டியில்தான் இருக்கிறது, வட்டி தவறாமல் கட்டுகிறோம். திருப்புகிற அன்றைக்கு எல்லாரும் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். டெம்போ அண்ணா, நீங்கள் லோடு இருக்கிறது என்று சொல்லக் கூடாது.

நன்றியுடன்,
பேக்கிங் தம்பி