கவசம் அளவு பார்த்தல்: ஜூன் 14, ஞாயிறு காலை 10 மணி

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் டியூக்ஸ்பரி போர் (1471) மறுநிகழ்த்தலுக்கான கவசங்களை ஞாயிறன்று வழக்கமான பயிற்சிக் கூடத்தில் அளவு பார்க்கிறோம். 1 மணிக்குள் முடிக்க வேண்டும்.

1. கவசத்துக்கு உள்ளே போடும் தடித்த சட்டையான ஆர்மிங் டப்லெட் கட்டாயம். டீ-சர்ட் மேல் அளவெடுத்தால் பிறகு கவசம் இறுக்கும்.

2. மார்புத் தகடு இடுப்பு ஒடுங்கும் இடத்திலேயே, அதாவது தொப்புளுக்குச் சற்று மேலே, முடிய வேண்டும். பலருக்கும் தவறுவது இங்கேதான். நீளம் கூடினால், குனியும்போது தகடு மேலேறித் தொண்டையில் இடிக்கும். உட்கார்ந்து, குனிந்து, கையைத் தூக்கிப் பார்த்த பிறகே தோல்வாரில் துளை போடுங்கள்.

3. கால் கவசத்தின் எடையை இடுப்பு தாங்க வேண்டும், தோள் அல்ல. டப்லெட் இடுப்பில் தளர்வாக இருந்தால் முழங்கால் தகடு கீழே சரிந்து, கால் மடங்காது. கால் கவசத்தை டப்லெட்டோடு கட்டுவதற்கு மெழுகு தேய்த்த கயிறு 12, உபரியாக 4. பயிற்சியில் அறுவது சகஜம்.

4. சாலட் (sallet) எனும் அக்கால இரும்புத் தலைக்கவசம் உள்பஞ்சோடு வரட்டும். தலையை உதறினால் ஆடக் கூடாது.

5. அணியும் வரிசை: கால், மார்பு, கை, கடைசியில் தலை. தனியாக முடியாது, ஜோடியாக வாருங்கள்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர், டப்லெட் மேல் எடுத்த மார்பு, இடுப்புச் சுற்றளவு (செ.மீ.) இங்கே பதிவிடுங்கள். வர இயலாதவர்களும் சொல்லிவிடுங்கள்.