கால்வாய்க்கரைக் காவலரண்களுக்கு வெள்ளையடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த, தென் இங்கிலாந்தின் கென்னட்–ஏவன் கால்வாய் நடைப்பயணக் கட்டுரையைப் படித்தோம். ரெடிங், நியூபெரி பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் நடக்கும் பாதை அது. கரையோரம் இருக்கும் இரண்டாம் உலகப் போர்க்காலக் கான்கிரீட் காவலரண்களை (இங்குள்ளோர் ‘பில்பாக்ஸ்’ என்பார்கள்) வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியதற்கு நன்றி. ஆனால் தன்னார்வலர்கள் சேர்ந்து கொடிகளைப் பிய்த்து, வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்து, வெள்ளையடித்து, இரும்புக் கதவு போட்டால் இவை பிழைக்கும் என்ற அதன் யோசனையை யாரும் பின்பற்றிவிடக் கூடாது. அந்த நான்குமே கெடுதல்.

1940 ஜூனில், பிரான்சின் டன்கர்க்கிலிருந்து பிரிட்டிஷ் படைகள் பின்வாங்கித் திரும்பிய கையோடு, உள்நாட்டுப் படைகளின் தளபதி ஜெனரல் ஐயன்சைட் வகுத்த தடுப்புக் கோடுகளில் ஒன்று இந்தக் கால்வாயை ஒட்டிச் சென்றது. 1810-இல் திறக்கப்பட்ட கால்வாயே டாங்கிகளைத் தடுக்கும் அகழி. ஜெர்மானியர் படையெடுத்தால் தெற்குக் கடற்கரையில் இறங்கி வடக்கே வருவார்கள் என்ற கணக்கில், அரண்கள் பெரும்பாலும் வடகரையில் நிற்கின்றன. சுடும் துளைகள் தெற்கு நோக்கியும் வாசல் பின்புறத்திலும் இருக்கும்.

முதல் வேலை பதிவு. அரிவாளை எடுக்கும் முன் இதை முடித்துவிட வேண்டும். அரண்களை வடிவத்தை வைத்து எண்ணிட்டு வகைப்படுத்துவார்கள். அதிகம் காணக் கிடைக்கும் 24-ஆம் வகைக்கு ஆறு பக்கம்; வாசல் உள்ள சுவர் மட்டும் நீளமானது, வாசலின் இரு பக்கமும் சிறு துளைகள் இருக்கும். 28-ஆம் வகை பெரியது. டாங்கி எதிர்ப்புப் பீரங்கியை உருட்டிக் கொண்டுபோக ஏற்றபடி அதன் பின்வாசல் அகலமாக இருக்கும். ஒவ்வொரு முகத்தையும் ஒரு மீட்டர் அளவுகோலைச் சாய்த்துவைத்து நேராகப் படமெடுங்கள். சுவரின் கனத்தைத் துளை வழியாக நாடா விட்டு அளக்கலாம்: 30 செ.மீ. அளவில் இருந்தால் துப்பாக்கிக் குண்டுக்கு மட்டும் தாங்கும் சுவர், ஒரு மீட்டரைத் தாண்டினால் பீரங்கிக் குண்டுக்காகக் கட்டியது. துளைகளின் திசையைக் குறிக்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி திசைகாட்டி முள்ளை இழுத்துவிடும். கைபேசித் திசைகாட்டிக்கும் இதே கதிதான். சில அடி தள்ளி வெளியே நின்று, துளையின் நேர்கோட்டில் பார்த்துக் குறியுங்கள். இடக்குறிப்பையும் வெளியே திறந்த வெளியில் எடுங்கள். கூரைக்கு அடியில் ஜி.பி.எஸ். தடுமாறும்.

கான்கிரீட் ஊற்றிய வார்ப்பு அச்சின் தடத்தையும் கவனிக்க வேண்டும். சில அரண்களில் பலகை அச்சின் மரவரிகள் இன்றும் கான்கிரீட்டில் தெரியும். மரத் தட்டுப்பாட்டால் வேறு பலவற்றில் செங்கல் சுவரையே அச்சாக எழுப்பி, உள்ளே கான்கிரீட் ஊற்றி, செங்கல்லை அப்படியே விட்டுவிட்டார்கள். இந்தச் செங்கல் தோல்தான் முதலில் போகும். தோலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மழைநீர் இறங்கி, பனிக்காலத்தில் உறைந்து விரிந்து, தோலைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும். அதன்மேல் படர்ந்த ஐவிக் கொடியைப் பச்சையாகப் பிடித்து இழுத்தால், வேர் பற்றிய செங்கல் முகமும் கூடவே வரும். தண்டை அடியில் இரண்டு இடத்தில் அறுத்து நடுத்துண்டை எடுத்துவிட்டு, ஓராண்டு காயவிடுங்கள். கூரையில் முளைத்த கன்றுகளையும் பிடுங்காமல் அடியோடு அறுப்பதே சரி. கூரை மண் அந்தக் காலத்து மறைப்பாகவே இருக்கலாம், அதை வழிக்க வேண்டாம்.

சிமெண்ட் அடைப்பு ஏன் ஆகாது? கான்கிரீட் பல ஆண்டுகளாகக் காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சித் தன் காரத்தன்மையை இழக்கிறது. அது போனால் உள்ளிருக்கும் கம்பிக்குக் காப்பு போகிறது. துருவேறிய கம்பி பல மடங்கு பருத்து மேற்பரப்பைப் பிளக்கிறது. துருவை விட்டுவிட்டு மேலே பூசினால், பூச்சின் ஓரத்தில் அரிப்பு இன்னும் வேகமாகும். பிறகு ஒட்டும் சுவருமாகப் பெயர்ந்து விழும். இது கட்டடப் பாதுகாப்புப் பொறியாளர் பார்க்க வேண்டிய வேலை. சாதாரண எமல்ஷன் பெயிண்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். சுண்ணாம்பு அடித்தாலும் மரவரிகளும் மறைப்பு வண்ணத்தின் மிச்சமும், ஈரக் கான்கிரீட்டில் யாரோ கீறிய எழுத்தும் மறைந்துபோகும். தன்னார்வலர் தாராளமாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: வாசல்படியை அடைத்திருக்கும் சேற்றையும் சருகையும் வாரி, தண்ணீர் வடிய வழிவிடுவது.

முழு இரும்புக் கதவு வௌவால்களை அடைத்துவிடும். இங்கே எல்லா வௌவால் இனங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவை இல்லாத நாளிலும் தங்கிடத்தைக் கெடுப்பது குற்றம். அடைக்கத்தான் வேண்டுமென்றால், வௌவால் வல்லுநரைக் கேட்டு, சுமார் 15 செ.மீ. இடைவெளியில் கிடைக்கம்பிகள் வைத்த கிராதி போடலாம். நவம்பர் முதல் மார்ச் வரை அவை உறங்கும் காலம், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். ஆகவே கொடி அறுக்க மிஞ்சுவது செப்டம்பரும் அக்டோபரும்தான்.

சுற்றிலும் தோண்டவே கூடாது. போர்க்கால ஊர்க்காவல் படையினர் பாஸ்பரஸ் நிரப்பிய 76-ஆம் எண் கண்ணாடிக் குப்பி வெடிகளைப் பல இடங்களில் பெட்டியோடு புதைத்துவைத்தார்கள். அவை இன்றும் அகப்படுகின்றன. சோடா பாட்டில் மூடி போட்ட சிறு குப்பிதான், உடைந்தால் காற்றுப் பட்டவுடன் தீப்பிடிக்கும். கண்டால் தொடாமல் விலகி, அவசர எண் 999-ஐ அழையுங்கள். உள்ளே தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். கையில் காயம் இருந்தால் உறை போடுங்கள்.

நிலம் விவசாயிக்கோ கால்வாய் அறக்கட்டளைக்கோ சொந்தமாக இருக்கும். அனுமதி வாங்காமல் நுழையக் கூடாது. சில அரண்கள் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருப்பதால் செங்கல்லை மாற்றக்கூடத் தனி அனுமதி தேவைப்படும். 1995 முதல் 2002 வரை இத்தகைய போர்க்கால அரண்களைப் பதிவுசெய்யத் தன்னார்வலர்களைக் கொண்டு நடந்த ‘டிஃபென்ஸ் ஆஃப் பிரிட்டன்’ திட்டத்தில் ஏறத்தாழ 20,000 இடங்கள் பதிவாயின. அந்தப் பதிவை முதலில் பாருங்கள். அதற்குப் பின் என்ன விழுந்தது, எது சாய்ந்தது என்ற இன்றைய நிலையைப் படத்தோடு உள்ளூர்த் தொல்லியல், வரலாற்றுத் தலங்களின் பதிவேட்டைப் பேணும் வரலாற்றுச் சூழல் பதிவகத்துக்கு அனுப்பினால் அதுவே பெரிய உதவி.

கட்டுரையைப் படித்துவிட்டுக் கொடி அறுக்கக் கிளம்பும் வாசகர்களுக்காக, செப்டம்பருக்கு முன்பே இக்கடிதத்தை வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

வாசகர்கள் சிலர்,
ரெடிங், இங்கிலாந்து