கல்லா இருப்பை நிலுவையாக்கிய உங்கள் மென்பொருள் பற்றிய புகார்

அனுப்புநர்:
ஓராண்டுச் சந்தாதாரர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மூல நிரலிலிருந்து மொழிபெயர்க்க வேண்டிய சரங்களை (திரையில் காட்டும் வாசகங்களை) பிரித்தெடுக்கும் உங்கள் மென்பொருளின் குறைகள், சந்தாவைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மென்பொருள்களைத் தமிழாக்குவதுதான் என் பிழைப்பு. சென்ற மார்ச்சில் ரூ.14,500 கட்டி உங்கள் மென்பொருளை வாங்கினேன். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரு பில்லிங் மென்பொருளைத் தமிழாக்கும் வேலை கையில் இருந்தது. அதுவரை இதே வேலையைச் செய்யும், இலவசமாகக் கிடைக்கும் குனு கெட்டெக்ஸ்ட் என்ற மென்பொருளைத்தான் வைத்திருந்தேன். கட்டளை எதுவும் தட்ட வேண்டாம், கோப்புறையைக் காட்டினால் போதும் என்று நீங்கள் சொன்னதை நம்பி மாறினேன்.

அந்த நிரலில் ‘பேலன்ஸ்’ என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கி, அதாவது நிலுவை. இன்னொன்று கல்லாவில் உள்ள பணம், அது இருப்பு. நிரல் எழுதியவர் விவரமானவர். இரண்டுக்கும் தனித்தனியே சூழல் (சொல் எந்தப் பொருளில் வருகிறது என்ற அடையாளம்) கொடுத்து, மேல்வரியில் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். உங்கள் மென்பொருள் சூழலையும் விட்டது, குறிப்பையும் விட்டது. இரண்டையும் ஒரே சரமாக்கி என்னிடம் நீட்டியது. நானும் ‘நிலுவை’ என்று போட்டுவிட்டேன். சோதனைக்கு வைத்த கடையில் ராத்திரி கணக்கு முடிக்கும்போது திரையில் ‘நிலுவை ரூ.18,350’ என்று வந்திருக்கிறது. கல்லாவில் இருந்த பையன் பதறிப்போய், “யாருக்குண்ணே இவ்வளவு தரணும்?” என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறான். அவர் எனக்குப் போன் போட்டார். என்ன பேசினார் என்பதை இங்கே எழுத முடியாது.

இதைச் சொன்னபோது, ‘ஒரே சொல்லை இருமுறை மொழிபெயர்க்கும் நேரத்தை மிச்சப்படுத்துகிறோம்’ என்று உங்களிடமிருந்து பதில் வந்தது. காசு வாங்காத கெட்டெக்ஸ்ட், சூழல் வேறானால் தனிப் பதிவாகத்தான் வைக்கும். கேட்டால் குறிப்பையும் சரத்தின் தலைமேலேயே கொண்டுவந்து தரும்.

அடுத்து, ஒட்டுப்போட்ட வாக்கியங்கள். ‘பில்’, பெயர், ‘சேமிக்கப்பட்டது’ என்று துண்டு துண்டாக நிரலில் இருந்தது எழுதியவரின் தவறுதான், உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடித்து எச்சரிப்போம் என்று விளம்பரத்தில் போட்டது நீங்கள்தானே? ‘ஃபார்’ என்ற ஒற்றை ஆங்கிலச் சொல் தனிச் சரமாக வந்தால் நான் என்ன செய்ய? தமிழில் அது பெயருக்குப் பின்னால் ‘க்கு’ என்று ஒட்ட வேண்டியது. எச்சரிக்கை ஒன்றுகூட வரவில்லை. அதற்குப் பதிலாக, தரவுத்தள நெடுவரிசைகளின் பெயரும் நிறக் குறியீடுகளும் மொழிபெயர்க்கச் சொல்லி வரிசையில் நின்றன.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஜூனில் நிரல் எழுதியவர் சில செய்திகளின் கடைசியில் முற்றுப்புள்ளி சேர்த்தார், அவ்வளவுதான். மறுபடி பிரித்தெடுத்தேன். புள்ளி சேர்ந்த 212 சரங்களின் தமிழும் காலி. மூல வாசகம் கொஞ்சம் மாறினால் பழைய மொழிபெயர்ப்பை ‘சரிபார்க்கவும்’ என்ற அடையாளத்தோடு விட்டுவைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். நிரலிலிருந்து நீக்கிய சரத்தைக்கூடக் கோப்பின் அடியில் ஒதுக்கி வைப்பார்கள், தூக்கி எறிய மாட்டார்கள். உங்கள் ஊழியர், ‘பேக்கப் எடுத்திருப்பீர்களே’ என்றார். எடுத்திருந்தேன், அது என் புத்தி. அப்படியும் இரண்டு நாள் போயிற்று.

நான் கேட்பது இரண்டுதான். சந்தாத் தொகை முழுவதையும் 15 நாளில் திருப்பித் தாருங்கள். உங்கள் சேவையகத்தில் உள்ள என் மொழிபெயர்ப்பு நினைவகத்தை (இதுவரை செய்த மொழிபெயர்ப்புகளின் சேமிப்பை) வேறு மென்பொருளில் திறக்கும் வடிவத்தில் அனுப்புங்கள். ‘தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார்’ என்று உங்கள் ஊழியர் ஒருவர் சொன்னார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படி ஒதுக்கவில்லை என்பதை அவரிடம் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

பணம் கட்டிய ரசீது, இரண்டு சூழல்களும் குறிப்பும் தெரியும் நிரல் பக்கம், உங்கள் மென்பொருள் தந்த கோப்பு, கடைத் திரையின் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்.